ஓர் அங்குலம் முன்னால் நின்ற பாட்டில்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். முப்பத்து நாலு வருடம் நான் அட்டெண்டராக வேலை பார்த்த அதே வேதியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவள். உடம்பு எப்படி, பேரப்பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யக்கா, பிராக்டிகல் வருது. எந்த உப்புக்கு எந்த பாட்டில முன்னால வைக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்களேன். அதுல நீங்க கில்லாடின்னு சொன்னாங்க."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. அந்தப் பெண் மேல் என்ன தப்பு? நான் கில்லாடி என்று அவளிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லையே. அவள் கேட்ட பேப்பரை எழுதித் தர மாட்டேன். ஏன் தர மாட்டேன் என்பதை எழுதித் தருகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படிக்கட்டும்.

என் பெயர் ஜைபுன்னிசா. பள்ளியில் எல்லோருக்கும் ஜைபுன் அக்கா. அத்தா அரசாங்கப் பள்ளியில் பியூனாக இருந்து சர்வீஸிலேயே போய்ச் சேர்ந்தார். அந்த வேலைதான் எனக்கு வந்தது. பத்தாவது படித்திருந்தேன் என்பதால் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் போட்டார்கள். ஊர் நடுவே ஓடுகிற பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், உயரமான கூரையும் ஆள் உயர ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடம். எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டர் ஒரு மாதம் கூட இருந்து தொழிலைக் காட்டிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. தீ வைத்துச் செய்கிற சோதனைக்குக் கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று சுடரைத் தின்றுவிடும். அவர் கடைசி நாளில் சொன்னதுதான் பாட்டில் விஷயம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிராக்டிகலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பொட்டலம் உப்பு கொடுப்போம். எல்லாம் பார்க்க வெள்ளையாக இருக்கும். அது என்ன உப்பு என்று சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். பொட்டலத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் என்ன உப்பு என்கிற பட்டியல் தேர்வாளரிடம் இருக்கும். பொட்டலம் மடிக்கிறவள் நான், ஆகவே எனக்கும் தெரியும். தேர்வு நடக்கும்போது நான் காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்புகிற சாக்கில் மேசை மேசையாகப் போவேன். ஒவ்வொரு மேசையிலும் ரசாயன பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பெண்ணின் உப்புக்குக் கடைசியாக எந்த ரசாயனம் ஊற்றி உறுதி செய்ய வேண்டுமோ, அந்த பாட்டிலை மட்டும் ஓர் அங்குலம் முன்னால் இழுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெண்களுக்குப் புரிந்துவிடும். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். எந்தத் தேர்வாளரும் கண்டுபிடித்ததில்லை.

தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் டீச்சர் வேலை பாதி வருடம் காலியாகவே கிடக்கும். வருகிறவர்களும் கரும்பலகையில் சோதனையை எழுதிப் போட்டுவிட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்பார்கள். கண்ணாடிச் சாமான் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று நானே பிள்ளைகளை அலமாரிப் பக்கம் விட மாட்டேன். டெஸ்ட் ட்யூபைக் கையில் பிடித்தே பார்க்காத பிள்ளை தேர்வில் என்ன செய்யும்? நான் புண்ணியம் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சலாம் வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது பெருமையாகக்கூட இருக்கும்.

எனக்குப் பதினாறு வருட சர்வீஸ் ஆனபோது, அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, காரைக்காலில் இருந்து மாற்றலாகி ஒரு டீச்சர் வந்தார். அவர் வீட்டில் பிரெஞ்சு பேசுகிற குடும்பம். அதனால் பள்ளி முழுக்க அவரை மதாம் என்றே கூப்பிட்டோம். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, சத்தம் எழுப்பாத செருப்பு. என்னைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்றுதான் பேசுவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "அப்புறம்?" என்பார். நாம் ஒன்று சொல்வோம். "சரி. அப்புறம்?" என்பார். உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வருகிற வரைக்கும் கண்ணாடி மூக்குக்குப் போகாது. நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. மதாம் அந்த ஐந்து வாரமும் பிள்ளைகளைத் தினமும் ஆய்வகத்தில் நிறுத்தினார். முதல் நாளே மூன்று டெஸ்ட் ட்யூப் உடைந்தது. நான் முணுமுணுத்தேன். இன்னும் மூன்று எடுத்து வரச் சொன்னார். முடிந்த வரை ஐந்தாறு உப்புகளைத்தான் அவரால் செய்து பழக்க முடிந்தது. மற்றவற்றைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வகுப்பில் வேதவல்லி என்று ஒரு பெண். வீராம்பட்டினத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். காலையில் அம்மாவோடு மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். அதிகம் பேச மாட்டாள். மகளிர் கல்லூரியில் வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வேதியியல் மார்க் நன்றாக வர வேண்டும். அவள் எழுத்துத் தேர்வில் சுமார்தான், பிராக்டிகல் மார்க்கைத்தான் நம்பியிருந்தாள். பிராக்டிகலில் போனால் கல்லூரி போச்சு. இதை மதாம்தான் என்னிடம் சொன்னார்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் பொட்டலம் மடிக்க உட்கார்ந்தேன். துத்தநாக சல்பேட் பாட்டிலில் அடியில் கட்டிதான் இருந்தது. நான் சுத்தக்காரி. கட்டியைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி, காயவைத்து, மேல் தட்டில் இருந்த புதுப் பாக்கெட்டைப் பிரித்து நிரப்பினேன். வெள்ளைப் படிகம், ஊசி ஊசியாகப் பளபளத்தது. அதில் ஆறு பொட்டலம் மடித்தேன். பட்டியலில் அந்த ஆறு நம்பருக்கும் நேரே துத்தநாக சல்பேட் என்று என் கையாலேயே எழுதினேன்.

மறுநாள் காலை பதினெட்டுப் பெண்கள். வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வெளித்தேர்வாளராக வந்திருந்தார், குடையைக் கையை விட்டுக் கீழே வைக்காதவர். கடல் பக்க ஜன்னல்களைச் சாத்தியாகிவிட்டது. மதாம் ஒரு கோடியில், அவர் மறு கோடியில். நான் தண்ணீரோடு கிளம்பினேன். துத்தநாகம் வந்த ஆறு பேர் மேசையிலும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு பாட்டிலை ஓர் அங்குலம் முன்னால் வைத்தேன்.

ஐந்து பேர் தலையைக் குனிந்து விறுவிறு என்று எழுத ஆரம்பித்தார்கள். வேதவல்லி மட்டும் சாம்பல் சோதனை செய்துகொண்டிருந்தாள். உப்புக் கரைசலோடு அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சேர்த்து, அதில் ஒரு துண்டு ஃபில்டர் பேப்பரை நனைத்து எரிக்க வேண்டும். துத்தநாகம் என்றால் சாம்பல் பச்சையாக இருக்கும். அலுமினியம் என்றால் நீலம். மெக்னீசியம் என்றால் ரோஸ். அவள் பீங்கான் தட்டில் இருந்தது ரோஸ் சாம்பல்.

கை வராத பெண் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் திரும்பப் போய், பாட்டிலை இன்னும் ஒரு விரல்கடை இழுத்து வைத்தேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பேப்பரை நனைத்து எரித்தாள். அதுவும் ரோஸ். மூன்றாவதும் எரித்தாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு கடைசியில் எழுத ஆரம்பித்தாள். அப்பாடா, புத்தி வந்தது என்று நான் நகர்ந்துவிட்டேன்.

பேப்பரைத் திருத்தும்போது அந்த சார் மதாமிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "துத்தநாகம் குடுத்ததுல அஞ்சு பேரு கரெக்ட்டு. ஒரு பொண்ணு மட்டும் மெக்னீசியம்னு எழுதி வச்சிருக்கு. மொத்தமும் அடிக்கவேண்டியதுதான்."

அவள் தட்டில் திரும்பத் திரும்ப ரோஸாக வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பொட்டலம் மடித்த அறைக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கிளறினேன். முந்தின நாள் பிரித்த பாக்கெட் கசங்கிக் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். மெக்னீசியம் சல்பேட். நம் ஊர்க் கடையில் பேதி உப்பு என்று விற்கிறார்களே, அதுதான். துத்தநாக சல்பேட்டும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பாக்கெட்டின் பெயரைப் படிக்காமல் இருக்கிற இடத்தை வைத்து எடுத்திருக்கிறேன்.

அந்த அறையில் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் எவ்வளவு கேவலமாக யோசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்ததை எழுதிய ஒரே ஒரு பெண் மட்டும் போவாள். சரி, உப்பு மாறிப்போனதைச் சொன்னால்? அப்போது மற்ற ஐந்து பேரும் இல்லாத பச்சைச் சாம்பலை எப்படிப் பார்த்தார்கள் என்று கேள்வி வரும். காப்பி அடித்தார்கள் என்று அவர்களைப் பிடிப்பார்கள். அந்தப் பிள்ளைகள் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். உப்பை மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிவிடலாம், எனக்கு ஒரு மெமோவோடு போய்விடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் மதாமைக் கூப்பிட்டேன்.

பாக்கெட்டைக் காட்டினேன். உப்பு மாறிவிட்டது என்றேன். மதாம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. அப்புறம்?"

"அவ்ளோதான் மதாம். அந்தப் பொண்ணு எழுதினது சரி."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அஞ்சு பேரு பச்சைன்னு எழுதியிருக்காங்க. அப்புறம்?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த ஐந்து பேரும் வெளியே தாழ்வாரத்தில் நின்று பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். பாட்டில் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பதினாறு வருடமாகச் செய்து வந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதை அந்த சாரிடமும் நானே சொல்ல வேண்டும் என்றார்.

சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தேர்வையே ரத்து செய்யச் சொல்லி எழுதப் போகிறேன், உன் வேலை போய்விடும் என்று எழுந்தார். மதாம் குரலை உயர்த்தவில்லை. "எழுதுங்க சார், நானும் கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி அந்த அஞ்சு பிள்ளைங்களுக்கும் வேற உப்பு குடுத்துப் பாத்துடலாம். அவங்க வாழ்க்கையில ஒரு தடவையாவது தானே செய்யட்டும்." பிறகு நான் நிரப்பிய பாட்டிலில் மீந்திருந்த உப்பை எடுத்து அவர் கண் முன்னாலேயே சாம்பல் சோதனை செய்து காட்டினார். ரோஸ். அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து பேரையும் உள்ளே அழைத்து மதாம் விசாரித்தார். மூன்று பேர் பேப்பரை எரிக்கவே இல்லை. இரண்டு பேர் எரித்திருக்கிறார்கள், ரோஸ் நிறத்தைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் பச்சை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது அதுதான். தன் கண்ணைவிட என் பாட்டிலை நம்புகிற அளவுக்கு அந்தப் பிள்ளைகளை நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறு தேர்வு. மதாம் ஓர் அளவுகோலை வைத்து எல்லா மேசையிலும் பாட்டில்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தினார். பொட்டலம் மடித்தவரும் அவரே. என்னைத் தாழ்வாரத்தில் நிற்கச் சொன்னார். இரண்டரை மணி நேரம் நின்றேன். உள்ளே ஒரு டெஸ்ட் ட்யூப் உடைந்தது. யாரோ ஒருத்தி விசும்பினாள், பிறகு நின்றுவிட்டது. எனக்குப் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

மூன்று பேருக்குச் சரியாக வந்தது. ஒருத்திக்குப் பாதி வந்தது. அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்திக்கு உப்பே தப்பாகப் போய்விட்டது. அவள்தான் முதலில் வெளியே ஓடி வந்தாள், கையெல்லாம் கறை, முகமெல்லாம் சிரிப்பு. "யக்கா, எனக்குத் தப்பாத்தான் வந்திருக்கும். ஆனா எழுதினது பூரா நான் பாத்ததுக்கா." அந்த சாரும் மனிதர்தான். அவள் செய்த முறை சரி என்று தேறுகிற அளவுக்கு மார்க் போட்டார். வேதவல்லிக்கு முழு மார்க்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், கண்டித்து விட்டார்கள். வேலை தப்பியது. ஆனால் மதாம் விடவில்லை. வரும் ஜூனிலிருந்து சனிக்கிழமை தோறும் ஆய்வகம் திறந்திருக்கும், எந்த வகுப்புப் பிள்ளையும் வந்து எதையும் செய்து பார்க்கலாம், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுவது ஜைபுன்னிசா என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். இது தண்டனையா பதவி உயர்வா என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. மதாம் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நான் அதை விடவில்லை. தட்டாஞ்சாவடியில் இன்றைக்கு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பரிசோதகராக இருப்பவள், அந்தச் சனிக்கிழமைகளில் என்னிடம் விரல் சுட்டுக்கொண்டு அழுத ஆறாம் வகுப்புப் பிள்ளை. உடைந்த கண்ணாடிக்குக் கணக்கே இல்லை. பாட்டில் மட்டும் பிறகு ஒருநாளும் முன்னால் வரவில்லை.

முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த வருடம் ஜூன் முதல் வாரத்தில் வேதவல்லி சான்றிதழ் வாங்க வந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆய்வகத்துக்கு வந்து நின்றாள். அத்தனை நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். நான் இரண்டு தடவை பாட்டிலை இழுத்து வைத்தேனே, அதை அவள் பார்த்தாள்தானே?

"பாத்தேன்க்கா. நீங்க உப்ப மாத்திட்டீங்கன்னு ரெண்டாவது பேப்பர் எரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா எந்திரிச்சுச் சொல்லல? தப்புன்னு அடிச்சிருவாங்கன்னு தெரியாதா?"

"தெரியும். சொன்னா உங்க வேல போயிடும்ல. அதான் சொல்லல." மேசையில் இருந்த பீங்கான் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அதுக்காவ ரோஸ பச்சன்னு எழுத வரலக்கா."

பதினேழு வயது. தன் ஆசையை விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறாள், பொய் எழுதத் துணியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அத வுடுங்கக்கா" என்று பேச்சை மாற்றினாள். "துத்தநாகத்துக்குப் பச்ச எப்பிடிக்கா இருக்கும்? நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு மூணு தடவையும் அதத்தான் தேடினேன்."

கோபால்ட் நைட்ரேட் விலை அதிகம் என்று, மதாம் வரும் வரை பிராக்டிகலுக்குக்கூட வெளியே எடுக்காமல் பூட்டி வைத்திருந்தவள் நான். சாவியை எடுத்தேன். இந்தத் தடவை புதுப் பாக்கெட்டின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவளையும் படிக்கச் சொன்னேன். அவள் பேப்பரை நனைத்து இடுக்கியில் பிடித்துக்கொண்டாள், நான் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினேன். பேப்பர் சுருண்டு, கறுத்து, வெளுத்து, பீங்கான் தட்டில் உதிர்ந்தது. இரண்டு பேரும் தலை முட்டக் குனிந்து பார்த்தோம். பதினாறு வருடம் அந்த ஆய்வகத்தின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள், எத்தனையோ பிள்ளைகளைப் பச்சை என்று எழுத வைத்தவள், நானும் அன்றைக்குத்தான் அந்தப் பச்சையை முதல் முதலாகப் பார்த்தேன்.